டிசம்பர் கடைசியில் கேதார்காந்தா: ஒரு கிலோவுக்குள் டவுன் (வாத்துத் தூவி) ஸ்லீப்பிங் பேக், எதைப் பார்த்து வாங்குவது?

மழைக்குருவி (நவம்பர் 8)

எல்லாருக்கும் வணக்கம். டிசம்பர் 24 வாக்கில் உத்தராகண்டில் சாங்க்ரி கிராமத்திலிருந்து கேதார்காந்தா மலை ஏறப் போகிறோம். மூன்று பேர், கூட ஓர் உள்ளூர் வழிகாட்டி. கோவேறு கழுதை வைக்கவில்லை, அவரவர் சுமை அவரவர் முதுகில். எனக்கு வலது முழங்கால் கொஞ்சம் தகராறு, அதனால் சாப்பாடு தண்ணீர் நீங்கலாகப் பை 8 கிலோவைத் தாண்டக் கூடாது என்று பிசியோ கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். (போகவே வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னார், அது வேறு கதை.)

போன வருஷம் அக்டோபரில் ஹர் கி தூன் போனபோது வாடகைக்கு ஒரு ஸ்லீப்பிங் பேக் எடுத்தேன். மைனஸ் 10 தாங்கும் என்று கொடுத்தவர் சத்தியம் செய்யாத குறை. எடை இரண்டரை கிலோ, தலைப்பக்கம் யாரோ ஒருவருடைய கடுகெண்ணெய் வாசனை, ஜிப் முழங்காலுக்கு மேல் ஏறவில்லை. இருந்த துணி எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு படுத்தும் ராத்திரி இரண்டு மணிக்குப் பல் தந்தியடித்தது. அன்றைக்கே முடிவு செய்தேன், இனி சொந்தப் பைதான்.

பட்ஜெட் 20 ஆயிரம், மனசுக்குப் பிடித்தால் 25. இதுவரை பார்த்து வைத்தவை மூன்று. ஒன்று, எல்லாரும் கொண்டாடும் வெஸ்டர்ன் மவுன்டனியரிங் அல்ட்ராலைட், 820 கிராம், மைனஸ் 7 என்று போட்டிருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வரவழைத்தால் சுங்கம் எல்லாம் சேர்ந்து என் பட்ஜெட்டைப் போல மூன்று மடங்கு வரும், சும்மா ஏக்கத்துக்காகச் சொல்கிறேன். இரண்டு, ஆன்லைனில் ஒன்று, 620 கிராம், பை மேலேயே பெரிதாக மைனஸ் 5 என்று அச்சடித்திருக்கிறார்கள், 11 ஆயிரம்தான். மூன்று, இங்கே கோவையில் கடையில் தொட்டுப் பார்த்தது, கம்ஃபர்ட் 0, லிமிட் மைனஸ் 5, ஒரு கிலோவுக்குப் பக்கம், 16 ஆயிரம்.

இரண்டாவதைத்தான் கை அழுத்தப் பார்க்கிறது. எடையும் கம்மி, காசும் கம்மி. வாங்கலாமா?


கல்லுப்பாதை (நவம்பர் 8)

ப்ரோ, கையை எடுங்க முதலில்.

டிகிரி என்று ஒரு நம்பரை மட்டும் போட்டு விற்கிற பையை நம்பவே நம்பாதீங்க. ஒழுங்காகச் சோதித்த பையில் மூன்று நம்பர் இருக்கும்: கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம். ஐரோப்பாவில் 2002இல் ஈஎன் 13537 என்று இதற்கு ஒரு சோதனைத் தரம் வந்தது, இப்போது அதுவே ஐஎஸ்ஓ 23537. உள்ளே சூடேற்றிய ஒரு பொம்மைக்கு உள்ளாடை, சாக்ஸ் எல்லாம் மாட்டி, பைக்குள் படுக்கவைத்துக் குளிர் அறையில் விட்டு அளக்கிறார்கள். கம்ஃபர்ட் என்றால் ஒரு சராசரிப் பெண் கைகால் நீட்டி நிம்மதியாகத் தூங்குகிற வெப்பநிலை. லிமிட் என்றால் ஒரு சராசரி ஆண் சுருண்டு படுத்து நடுங்காமல் ராத்திரியை ஓட்டுவது. எக்ஸ்ட்ரீம் என்றால் தூக்கமே கிடையாது, ஆறு மணி நேரம் உயிர் தங்கும், அவ்வளவுதான். உங்கள் வாடகைப் பையின் மைனஸ் 10 அநேகமாக இந்த மூன்றாவது ரகம்.

இப்போது அந்த 620 கிராம் பையைக் கணக்குப் போட்டுப் பாருங்க. தலைமூடி, முழு ஜிப், உள் துணி, வெளித் துணி எல்லாம் எவ்வளவு மெல்லிசாக இருந்தாலும் 300 கிராமுக்குக் கிட்டே போய்விடும். மிச்சம் 300 சொச்சம்தான் டவுன். அதை வைத்துக்கொண்டு மைனஸ் 5 டிகிரியில் நிம்மதியாகத் தூங்க முடியாது, பூஜ்யத்துக்கு மேலே மூன்று நான்கு டிகிரி என்றால் ஒப்புக்கொள்ளலாம். விற்பவரிடம் கேட்க வேண்டியது இதுதான்: மொத்த எடை எவ்வளவு, அதில் டவுன் எத்தனை கிராம், ஃபில் பவர் எத்தனை. இந்த மூன்றையும் சொல்ல மாட்டேன் என்றால் கும்பிடு போட்டு நகர்ந்துவிடலாம்.

ஃபில் பவர் தெரியாதவர்களுக்கு: ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம் டவுன் எத்தனை கன அங்குலம் உப்பி நிற்கிறது என்பதுதான் அந்த எண். 800 என்றால் கிட்டத்தட்ட 13 லிட்டர். நம் வீட்டு பிளாஸ்டிக் குடத்தை நிரப்ப 28 கிராம் போதும், யோசித்துப் பாருங்க. சூடு கொடுப்பது இறகு இல்லை, அது பிடித்து வைத்திருக்கிற அசையாத காற்று. இந்தக் குழுவில் புதிதாக வந்த ஒருத்தர் டவுன் என்றால் திருநெல்வேலி டவுனா என்று கேட்டார், அவருக்காக: வாத்து, பெருவாத்து இவற்றின் மார்பில் இறகுக்கு அடியில் இருக்கிற பஞ்சு மாதிரியான தூவி. சங்கப் பாட்டிலேயே அரண்மனைக் கட்டிலில் அன்னத்தூவி மெத்தை வருகிறது, நாம்தான் இலவம் பஞ்சோடு நின்றுவிட்டோம்.

850 வேண்டும் 900 வேண்டும் என்று இதற்காக அலையத் தேவையில்லை. 850இல் 400 கிராம் கொடுக்கிற உப்பலை 650இல் எடுக்க 520 கிராம் வேண்டும். வித்தியாசம் 120 கிராம், ஒரு வாழைப்பழம். அதற்கு எத்தனை ஆயிரம் கொடுக்கலாம் என்பது உங்கள் முழங்காலும் பர்ஸும் பேசி முடிக்க வேண்டிய விஷயம்.

என் ஓட்டு மூன்றாவதுக்கு. லிமிட் மைனஸ் 5 இருக்கிறது, கூட ஒரு ஜாக்கெட் போட்டால் சமாளிக்கலாம் ப்ரோ.


நித்திரைப்பை (நவம்பர் 9)

நான் இருக்கிறது நோர்வேயில், ஊர் யாழ்ப்பாணம். நாங்கள் இதை நித்திரைப் பை என்றுதான் சொல்லுவோம், அதனால்தான் இந்தப் பெயர்.

எல்லாரும் பையைப் பற்றியே கதைக்கிறீர்கள், கீழே விரிக்கிற பாயைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. டவுன் உப்பி இருந்தால்தான் சூடு. நீங்கள் படுத்தவுடன் முதுகுக்குக் கீழே இருக்கிற டவுன் அப்பளம் மாதிரித் தட்டையாகப் போய்விடும், அங்கே அது இருந்தும் ஒன்றுதான் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். மேலே கல்லுப்பாதை சொன்ன அந்தப் பொம்மையையும் வெறும் பலகையில் படுக்கவைத்துச் சோதிப்பதில்லை, நல்ல பாய் போட்டுத்தான் படுக்கவைப்பார்கள். நீங்கள் மெல்லிய பாயில் படுத்தால் பையில் போட்டிருக்கிற நம்பருக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்லை.

எனக்கு இது படித்து விளங்கவில்லை, பட்டுத்தான் விளங்கியது. இங்கே வந்து நான்காவது வருஷம், ஈஸ்டர் விடுமுறையில் ஹார்டாங்கர்விட்டா என்ற மலைப் பீடபூமிக்கு வேலை இடத்து ஆட்களோடு பனிச்சறுக்கில் போனேன். பைக்கு மட்டும் ஒரு மாதச் சம்பளத்தில் நல்ல பங்கு போனது, அதனால் பாயில் காசு மிச்சம் பிடிப்போம் என்று பழைய காற்றுப் பாய் ஒன்றைக் கொண்டு போனேன், உள்ளே ஒன்றும் இல்லாத வெறும் காற்று. இரவு ஒரு மணி போல இடுப்பிலும் தோளிலும் மட்டும் யாரோ ஐஸ் கட்டியை வைத்த மாதிரி. மேலே சூடு, நெஞ்சில் வியர்வை கூட வந்தது, கீழே செத்த குளிர். பக்கத்தில் படுத்த பெண் எழும்பி, தன்னுடைய முதுகுப் பை, கயிறு, மழைச்சட்டை எல்லாவற்றையும் எனக்குக் கீழே தள்ளிவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பவும் படுத்துவிட்டார். காலையில்தான் சிரித்தார்.

பாய்க்கு ஆர் வேல்யூ என்று ஒரு நம்பர் உண்டு, தரைக் குளிரை எவ்வளவு தடுக்கும் என்று காட்டுவது, கூடினால் நல்லது. மடிக்கிற ஃபோம் பாய் 2 போல வரும். பனியில் படுக்க 4க்குக் கீழே போகாதீர்கள், 5 இருந்தால் வடிவாகத் தூங்கலாம். ஒன்றின் மேல் ஒன்று போட்டால் நம்பரைக் கூட்டிக்கொள்ளலாம், ஃபோம் 2, மேலே காற்றுப் பாய் 3, மொத்தம் 5. காற்றுப் பாய் ஓட்டையானாலும் கீழே ஃபோம் இருக்கும் என்ற ஆறுதல் வேறு. நீங்கள் என்ன பாய் கொண்டு போகிறீர்கள்?


மழைக்குருவி (நவம்பர் 9)

முதலில் ஒரு திருத்தம். ப்ரோ இல்லை கல்லுப்பாதை, அக்கா. 41 வயசு, 5 அடி 2 அங்குலம், 51 கிலோ. கோடையிலேயே எனக்குப் பாதம் சில்லென்றுதான் இருக்கும், வீட்டில் தவளைக்கால் என்று பட்டப்பெயர்.

இரண்டாவது, பாய். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, யோகா மேட். ஊதா நிறம்.


கல்லுப்பாதை (நவம்பர் 9)

அக்கா மன்னிச்சுக்கோங்க. பேரைப் பார்த்து நானாக நினைத்துக்கொண்டேன். ஆனால் இது வெறும் மன்னிப்போடு போகிற விஷயம் இல்லை, என் பதிலே மாறுகிறது.

லிமிட் என்பது 73 கிலோ எடையுள்ள ஆணுக்கான கணக்கு. உங்களுக்கு அந்த வரியையே மறந்துவிடுங்கள், கம்ஃபர்ட் மட்டும்தான். அதுவும் 60 கிலோப் பெண்ணை வைத்துப் போட்டது, நீங்கள் அதைவிட ஒல்லி, கால் வேறு சில்லிடும், அதனால் இன்னும் ஒரு மூன்று டிகிரி கூட்டிக்கொள்ளுங்கள், 0 என்று போட்டிருந்தால் உங்களுக்கு அது பிளஸ் 3. டிசம்பர் கடைசியில் மேல் முகாமில் ராத்திரி மைனஸ் 8, 10 என்று போகும். சாங்க்ரி 1,950 மீட்டர், கேதார்காந்தா உச்சி 3,800, ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு, அப்போ அடிவாரத்தில் பூஜ்யம் என்றால் மேலே என்ன என்று நீங்களே பாருங்க. 0 கம்ஃபர்ட் பையில் உங்களைப் படுக்கச் சொன்ன பாவம் எனக்கு வேண்டாம்.

கம்ஃபர்ட் மைனஸ் 4, 5க்குக் குறையாமல் பாருங்க. மைனஸ் 10 கம்ஃபர்ட் வாங்கினால் சத்தியமாகச் சூடாக இருக்கும், ஆனால் ஒரு கிலோவுக்குள் உங்கள் விலைக்கு வராது. மிச்சத்தை ஜாக்கெட், பாய், வெந்நீர் பாட்டில் வைத்துச் சரிக்கட்டலாம்.

கடைக்குப் போனால் நான் செய்வது: பையை அதன் சின்ன உறையிலிருந்து எடுத்து, உதறி, பத்து நிமிஷம் தரையில் விட்டுவிடுவேன், கடைக்காரர் முறைத்தாலும் சரி. நன்றாக உப்பட்டும். அப்புறம் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன், டவுன் இல்லாத இடம் வெளிச்சமாகத் தெரியும். தையல் கோட்டைக் கவனியுங்க. மேல் துணியையும் உள் துணியையும் சேர்த்து ஒரே தையலாக அடித்திருந்தால் அந்தக் கோடு முழுக்க டவுன் கிடையாது, அதன் வழியே குளிர் இறங்கும், அது கோடைக்கால மூணாறுக்குப் போதும். பனிக்கு நடுவில் சின்னச் சுவர் வைத்துத் தைத்த பெட்டி மாதிரி அறைகள் வேண்டும். கழுத்தைச் சுற்றி டவுன் நிரப்பிய ஒரு பட்டை, ஜிப்புக்கு உள்பக்கம் நீளமாக ஒரு டவுன் குழாய், இந்த இரண்டும் இல்லாவிட்டால் திரும்பிப் படுக்கும்போதெல்லாம் உள்ளே இருக்கிற சூடு புஸ்ஸென்று வெளியே போகும். கடையில் கூச்சப்படாமல் உள்ளே படுத்து ஜிப்பை முழுக்க ஏற்றிப் பாருங்க அக்கா. 6 அடி ஆளுக்கான நீளத்தை வாங்காதீங்க, காலுக்குக் கீழே காலியாகக் கிடக்கிற இடத்தையும் உங்கள் உடம்புதான் சூடாக்க வேண்டும்.

ஊதா மேட்டை வீட்டில் யோகாவுக்கே வைத்துக்கொள்ளுங்க.


பழைய_ஷூ (நவம்பர் 10)

எல்லாரும் வாங்கச் சொல்கிறீர்கள், நான் கொஞ்சம் குறுக்கே பேசுகிறேன். வருஷத்துக்கு மூன்று ராத்திரிக்கு 25 ஆயிரமா? டேராடூனில் வாடகைக்கு எடுக்கலாம், ஒரு நாள் முன்னதாகப் போய் நாலு பையைப் பிரித்துப் பார்த்து எடுத்தால் நல்லதும் கிடைக்கும். இல்லாவிட்டால் சிந்தெடிக் வாங்குங்கள், எடை இரண்டு கிலோவை நெருங்கும், ஆனால் நனைந்தாலும் கொஞ்சமாவது சூடு தரும். டவுன் நனைந்தால் முடிந்தது கதை.

இன்னொன்று, நாம் இருப்பது சமவெளியில், அதுவும் நான் சென்னையில். எட்டு வருஷம் முன்னால் ஆசை ஆசையாக ஒரு டவுன் பை வாங்கினேன். ஊருக்கு வந்ததும் அதன் சின்ன உறையில் அமுக்கி பரண் மேல் போட்டேன். அடுத்த வருஷம் எடுத்தால் நனைந்த நாய் வாசனை, உப்பல் பாதி கூட இல்லை. சரி துவைப்போம் என்று பெரிய டப்பில் ஊறப்போட்டு, நன்றாக அலசி, ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினேன் பாருங்கள், உள்ளே படபடவென்று நூல் அறுகிற சத்தம். ஊறின டவுன் அத்தனையும் ஒரே பக்கமாக இறங்கி அந்த நடுச்சுவர்களைக் கிழித்துவிட்டது. மொட்டை மாடியில் மூன்று நாள் காயப்போட்டும் உள்ளே கொழுக்கட்டை கொழுக்கட்டையாக உருண்டைகள், பக்கத்து வீட்டுப் பாட்டி தினமும் வந்து கருவாடா என்று கேட்டுவிட்டுப் போனார். கடைசியில் தெரிந்தவர் ஒருவரிடம் துணி உலர்த்தும் மெஷின் இருந்தது, மூன்று டென்னிஸ் பந்தைக் கூடவே போட்டுக் குறைந்த சூட்டில் நாலு மணி நேரம் சுற்றவிட்டேன். பந்து அடித்து அடித்து உருண்டை உடைந்து உப்பி வந்தது. ஆனால் கிழிந்த இடம் கிழிந்ததுதான், இன்றைக்கும் இடது தோள் பக்கம் வெறும் துணி.

வாங்கினால் இந்தப் பராமரிப்பையும் சேர்த்துத்தான் வாங்குகிறீர்கள்.


நித்திரைப்பை (நவம்பர் 10)

பழைய ஷூ சொல்லுறது பிழை இல்லை, ஆனால் முழுக்கச் சரியும் இல்லை. அந்த மலையில் டிசம்பரில் மழைக்குப் பதில் காய்ந்த பனிதான் பெரும்பாலும், மழைக்காலத்துக் காட்டை விட டவுனுக்கு அது நல்ல இடம். ஆபத்து வெளியிலிருந்து வருவதை விட உள்ளேயிருந்துதான் வரும். இரவு முழுக்க உடம்பிலிருந்து போகிற ஈரம் டவுனுக்குள் தங்கும், மூன்று நான்கு இரவில் உப்பல் குறையும். மூச்சை ஒருபோதும் பைக்குள் விடாதீர்கள், குளிர் தாங்காமல் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளத்தான் தோன்றும், மூக்கும் வாயும் மட்டும் வெளியே இருக்கவேண்டும். கூடாரத்தின் உள்பக்கம் காலையில் உறைந்த பனி ஒட்டி இருக்கும், கையால் தட்டினால் பையில் கொட்டும், அது உருகும். முதலில் பையை மூடி எடுத்து வைத்துவிட்டு எழும்புங்கள். பகலில் வெயில் கண்டால் அரை மணி நேரம் ஒரு கல்லின் மேல் விரித்துவிடுங்கள். நடக்கும்போது முதுகுப் பைக்குள் தடித்த குப்பைக் கவர் ஒன்றைப் போட்டு அதற்குள் வையுங்கள், விலையுயர்ந்த நீர்புகாப் பை ஒன்றும் தேவையில்லை.

தடித்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு இறுக்கமான பைக்குள் நுழைந்தால் இரண்டு டவுனும் ஒன்றை ஒன்று நசுக்கும். பைக்குள் இடம் இல்லாவிட்டால் ஜாக்கெட்டை மேலே போர்த்துங்கள்.

பைக்கு உள்ளே போடுகிற மெல்லிய பட்டு உறை, சில்க் லைனர், அதைப் போட்டால் எட்டு டிகிரி கூடும் பத்து டிகிரி கூடும் என்று விற்பார்கள். பை அழுக்காகாது, அதற்கு நல்லது. சூட்டுக்கு அதை நம்பாதீர்கள்.


மழைக்குருவி (நவம்பர் 12)

இரண்டு நாளாகத் தூங்காமல் படித்தேன், ஸ்லீப்பிங் பேக் வாங்க தூக்கம் கெட்டது இதுதான் முதல் தடவை.

பழைய ஷூ அண்ணே, உங்கள் கருவாட்டுக் கதையை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, தாத்தாவின் பழைய நாலு முழ வேட்டியை எடுத்து ஒரு பெரிய பை தைத்துக் கொடுத்துவிட்டார், தலையணை உறையைப் போல நான்கு மடங்கு. அமுக்காமல் அதில் போட்டுக் கட்டில் பக்கத்துக் கொடியில் தொங்கவிடப் போகிறேன். வாடகை மட்டும் வேண்டாம், அந்தக் கடுகெண்ணெய் இன்னும் மூக்கில் இருக்கிறது.

11 ஆயிரம் ரூபாய்ப் பையின் விற்பனையாளரிடம் டவுன் எத்தனை கிராம் என்று கேட்டேன். நல்ல தரமான டவுன் மேடம் என்று பதில் வந்தது. திரும்பக் கேட்டேன். மிக நல்ல தரமான டவுன் மேடம்.

கடைசியில் வேறொன்றை ஆர்டர் போட்டுவிட்டேன். 800 ஃபில் பவர், டவுன் 500 கிராம், மொத்தம் 960 கிராம், கம்ஃபர்ட் மைனஸ் 4, பெட்டி அறைத் தையல், கழுத்துப் பட்டை இருக்கிறது, 5 அடி 5 வரைக்குமான சின்ன நீளம். 26,500. வீட்டில் 18 என்று சொல்லியிருக்கிறேன், யாரும் காட்டிக்கொடுக்க வேண்டாம். பாய்க்குத் தோழியிடம் ஆர் வேல்யூ 3 சொச்சம் காற்றுப் பாய் இருக்கிறது, கீழே போட ஒரு ஃபோம் பாய் வாங்கிவிட்டேன், 400 கிராம் கூடியது. அதற்குப் பதில் கேமராவின் இரண்டாவது லென்ஸை வீட்டில் விட்டுப் போகிறேன்.


மழைக்குருவி (டிசம்பர் 16)

சோதித்துப் பார்த்தாயிற்று. ஊட்டி பக்கம் தலைகுந்தாவில் தோழியின் அக்கா வீடு, அங்கே உறைபனி விழும் என்று கேள்விப்பட்டு, போன சனிக்கிழமை அவர்கள் வீட்டுப் புல்தரையில் கூடாரம் அடித்துப் படுத்தேன். அந்த வீட்டுக்காரருக்கு இதில் எந்த நியாயமும் புரியவில்லை, உள்ளே மூன்று கட்டில் காலியாக இருக்கிறதே என்று பத்து மணி வரை கேட்டுக்கொண்டே இருந்தார். விடிகாலை நாலரைக்குத் தெர்மாமீட்டரில் 1 டிகிரி, காலையில் புல் முழுக்க உப்புத் தூவின மாதிரி வெள்ளை.

பை அருமை. உள்ளே நுழைந்து பத்து நிமிஷத்தில் இட்லிப் பானைக்குள் இருக்கிற மாதிரி ஆகிவிட்டது, ஜிப்பைக் கொஞ்சம் இறக்கத்தான் வேண்டியிருந்தது. முதுகில் குளிர் துளிகூட இல்லை. ஆனால் பாதம் மட்டும் ஒரு மணி வரை சூடேறவே இல்லை. சாக்ஸ் இரண்டு ஜோடி போட்டிருந்தேன். மைனஸ் 8 டிகிரியில் இந்தக் கால் என்ன பாடு படுத்தும் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது. ஏதாவது வழி?


கல்லுப்பாதை (டிசம்பர் 16)

இரண்டு ஜோடிதான் பிரச்சினை அக்கா. நிறைய சாக்ஸ் போட்டால் கால் இறுகும், ரத்த ஓட்டம் குறையும். தொளதொளவென்று ஒரே ஒரு கம்பளி சாக்ஸ், அதுவும் படுக்கைக்கு மட்டும், பகலில் நடந்த சாக்ஸில் வியர்வை ஈரம் இருக்கும், அதோடு உள்ளே போகாதீங்க. சில்லென்ற காலோடு பைக்குள் நுழைந்தால் அது சில்லென்றுதான் இருக்கும், பைக்குச் சொந்தமாகச் சூடு கிடையாது, உங்கள் சூட்டைத்தான் பிடித்து வைக்கும். அதனால் படுக்கும் முன் கூடாரத்துக்கு வெளியே ஐந்து நிமிஷம் உட்கார்ந்து எழுங்க, வியர்க்கிற அளவுக்கு வேண்டாம், முழங்கால் ஒத்துக்கொள்ளாவிட்டால் கையை வீசி நின்ற இடத்திலேயே நடைபோடுங்க. கடலைமிட்டாய் இரண்டு வாயில் போட்டுக்கொண்டு படுங்க. ராத்திரி ஒண்ணுக்கு வந்தால் அடக்கிக்கொண்டு கிடக்காதீங்க, குளிருக்குப் பயந்து அடக்கினால் தூக்கமும் வராது.

அப்புறம் வெந்நீர். ஒரு லிட்டர் கெட்டியான பாட்டிலில் கொதித்த தண்ணீரை ஊற்றி, சாக்ஸுக்குள் போட்டு, முதல் அரை மணி நேரம் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொள்ளுங்க, பெரிய ரத்தக்குழாய் ஓடுகிற இடம் அது, அங்கே சூடானால் காலுக்குத் தானாகப் போகும். அப்புறம் பாதத்துக்குத் தள்ளிவிடுங்க. காலையில் உறையாத தண்ணீரும் கையில் இருக்கும்.


பழைய_ஷூ (டிசம்பர் 16)

பாட்டில் மூடியை மட்டும் தலைகீழாகக் கவிழ்த்து ஒரு தடவைக்கு இரண்டு தடவை சோதித்துவிட்டு உள்ளே வையுங்கள் தங்கச்சி. அந்தக் கதையும் என்னிடம் இருக்கிறது, அதைத் திரும்பி வந்ததும் சொல்கிறேன்.